மூன்றாம் ஞாயிறு என்ன செய்தார்கள்?

வெளிநாட்டில் இறங்கிய முதல் நாளே தேவாலயத்துக்குள் நின்று கைதட்டி, தன் மானத்தைத் தானே வாங்கிக்கொண்டவர்கள் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். நான் ஒருத்தி இருக்கிறேன்.

பர்மாவின் யாங்கூன் விமான நிலையத்துக்கு என்னை அழைக்க வந்தவர் எஸ்தரம்மா. வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், கணவர் இல்லை. கன்னத்தில் தனாக்கா என்கிற மரப்பட்டை விழுதைச் சந்தனம் மாதிரி அப்பியிருந்தார். இடுப்பில் பூப்போட்ட லுங்கி, கழுத்தில் சிறிய சிலுவை. அந்த ஊர்த் தமிழர்களில் தமிழைப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. இவர் கைப்பேசியில் தமிழ் வாரப் பத்திரிகை படிக்கிற ஆள். என் தொடரைப் படித்துவிட்டு வாராவாரம் எனக்கு எழுதுவார். கடைசியாக, "முடிவை நேரில் வந்து சொல்ல முடியுமா?" என்று கேட்டிருந்தார். கடல் கடந்து எனக்கு வந்த முதல் அழைப்பு. தலைகால் புரியாமல் கிளம்பிவிட்டேன்.

"ஆராதனைக்கு நேரமாச்சு சயாமா. பெட்டியோடயே போயிருவோம்" என்றார். சயாமா என்றால் டீச்சரம்மா. நான் யாருக்கும் பாடம் எடுத்ததில்லை. ஆனாலும் கேட்க நன்றாக இருந்ததால் திருத்தவில்லை.

டாக்சியில் ஏறியதுமே முதல் அதிர்ச்சி. வண்டிகள் எல்லாம் சாலையின் வலப்பக்கம் ஓடுகின்றன, ஸ்டியரிங்கும் வலப்பக்கமே இருக்கிறது. முன்னால் போகிற லாரியை முந்த வேண்டுமென்றால் டிரைவருக்கு எதிரே வருவது தெரியாது, இடப்பக்கம் உட்கார்ந்திருக்கிற எனக்குத்தான் தெரியும். சாவை முதலில் பார்க்கிற உரிமை பயணிக்கு! அலோன் வரும்வரை கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

அலோன் ஆற்றங்கரைப் பகுதி. கிடங்குகள், படகுத்துறை, முதுகில் மூட்டையோடு பலகைமேல் ஓடுகிற ஆட்கள். நம்ம ராயபுரம்தான், பெயர்ப்பலகை மட்டும் வட்டவட்ட எழுத்தில். இரண்டு கிடங்குகளுக்கு நடுவில் தகரக் கூரை போட்ட சின்னத் தேவாலயம். எஸ்தரம்மா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

வாசலைத் தாண்டியதும், ஞானஸ்நானத் தொட்டியின் பக்கத்தில், ஓர் இளைஞன் நின்றான். தோளிலிருந்து கால்வரை வெள்ளைப் படுக்கைவிரிப்பு. கையில் வெள்ளையடித்த மூங்கில் குச்சி. வெறுங்கால், குனிந்த தலை. உள்ளே வருகிற ஒவ்வொருவரிடமும், "எனக்காக ஜெபம் பண்ணுங்க" என்றான்.

அட! என் தொடரில் நான் எழுதிய காட்சி அப்படியே. என்னை வரவேற்க நாடகம் போட்டிருக்கிறார்கள்! மனம் குளிர்ந்து போய்ப் பையைக் கீழே வைத்துவிட்டுப் படபடவென்று கைதட்டினேன்.

வேறு யாரும் தட்டவில்லை. பெஞ்சுகளிலிருந்து நாற்பது ஐம்பது தலைகள் திரும்பின. இளைஞன் நிமிரவேயில்லை, குச்சி மட்டும் கொஞ்சம் ஆடியது. எஸ்தரம்மா என் காதருகே வந்து மெதுவாகச் சொன்னார்:

"என் மகன் சயாமா. தானியேல். நீங்க எழுதுனபடியேதான் செய்றோம். போன ஞாயித்துக்கிழமை வாசலுக்கு வெளியே நிறுத்துனோம், இந்த வாரம் உள்ளே. அடுத்த வாரம்தான் என்ன செய்யணும்னு தெரியலே. அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

நான் எழுதியது வட ஆப்பிரிக்கக் கடற்கரையைப் பற்றி. அல்ஜியர்ஸ், துனிஸ், திரிப்போலி, சலே. மலைகளிலும் கரைகளிலும் காலங்காலமாக வாழ்ந்த பெர்பர் மக்கள், பிறகு கிழக்கிலிருந்து வந்த அரபுகள், இரண்டு கூட்டமும் சண்டை போட்டு, பெண் கொடுத்து, கலந்து ஒரு நாகரிகமானது. பிறகு அந்தத் துறைமுகங்களிலிருந்து புறப்பட்ட கடற்கொள்ளைக் கப்பல்கள். ஐரோப்பாவின் மீனவக் கிராமங்களில் விடியற்காலை இறங்கி ஆட்களை அள்ளிக்கொண்டு போவார்கள். சந்தையில் விற்பார்கள், துடுப்புப் போடச் சங்கிலியில் கட்டுவார்கள். பிடிபட்டவர்களில் சிலர் மதம் மாறி, அதே கப்பலில் மாலுமியாகி, தலைவனுமாகி, தங்கள் சொந்த ஊருக்கே வழிகாட்டி வந்து பக்கத்து வீட்டுக்காரனைப் பிடித்துப்போனதும் உண்டு.

அப்படிப் போனவர்களில் சிலர் பிறகு தப்பி ஊர் திரும்பினார்கள். அவர்களைச் சபையில் மறுபடி சேர்க்கப் பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒரு சடங்கு வைத்திருந்தார்கள். வெள்ளைத் துணி, வெள்ளைக் குச்சி, முதல் ஞாயிறு வாசலில், அடுத்தது உள்ளே என்று. நான் அதை ரசித்து ரசித்து எழுதி, 'மூன்றாம் ஞாயிறு என்ன செய்தார்கள்?' என்று கொக்கி போட்டு நிறுத்தினேன். அடுத்த வாரம் பத்திரிகையையே நிறுத்திவிட்டார்கள். நான் வருத்தப்பட்டது என் தொடருக்காக. அந்தக் கொக்கியில் கடலுக்கு அப்பால் ஒரு பையன் மாட்டிக்கொண்டு நிற்பான் என்று கனவா கண்டேன்?

மதியம் எஸ்தரம்மா வீட்டில் மொஹிங்கா. வாழைத்தண்டு போட்ட மீன் குழம்பில் அரிசி நூடுல்ஸ், மேலே பருப்பு வடையை நொறுக்கிப் போட்டது. இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன். நடுவில் மின்சாரம் போய்விட்டது. எப்போது வருமென்று கேட்டேன். "வரும்போது வரும்" என்று விசிறியை எடுத்தார். விசிறிக்கொண்டே சொன்னார்.

தாய்லாந்து எல்லையில் கம்ப்யூட்டர் வேலை என்று யாரோ சொன்னதை நம்பி தானியேல் போனான். அது வேலை இல்லை, கம்பிவேலி போட்ட வளாகம். கைப்பேசியில் உலகத்தையே ஏமாற்றுகிற தொழிற்சாலை. முதல் மாதங்களில் அடி, பட்டினி. ஒருநாள் வளாகத்தில் ஏதோ சோதனை என்று கலவரமானபோது ஆற்றைத் தாண்டித் தப்பி வந்தான். வந்து இரண்டு மாதம் ஆகிறது.

"அவன் பிடிபட்டவன்தானே எஸ்தரம்மா? அவனுக்கு எதற்குத் தண்டனை?" என்று எரிச்சலோடு கேட்டேன்.

அவர் விசிறியை நிறுத்தினார். "நடுவிலே அவனை மேஸ்திரியாக்கி ஒருதரம் லீவுலே அனுப்புனாக சயாமா. புதுச் சட்டை, புது போன். திரும்பிப் போகும்போது ரூத்தோட மகன் ஜோயலைக் கூட்டிட்டுப் போனான். ஜோயல் இன்னும் வரலே. பாவம், இவனுக்கு என்ன தெரியும், தெரியாமப் பண்ணிட்டான். ஊர்லே யாரும் இவன் முகத்தைப் பாக்க மாட்டேங்கறாக. நீங்க எழுதுனதைப் பாஸ்டருக்குப் படிச்சுக் காட்டினேன். கடவுளே வழி காட்டினாருன்னு நெனச்சோம்."

காலையில் கோயிலில் கடைசி பெஞ்சில் சுவர்ப்பக்கம் பார்த்தபடியே உட்கார்ந்திருந்த மெலிந்த பெண்தான் ரூத் என்றார். மொத்தச் சபையும் நான் கைதட்டியதும் திரும்பியது. அந்த அம்மாள் திரும்பவில்லை. அது எனக்கு நினைவிருந்தது.

மூன்றாம் ஞாயிறு வரைக்கும் தானியேல் வீட்டில் படுக்கக்கூடாது என்று எஸ்தரம்மாவே விதித்துவிட்டாராம். நான் அதை எழுதவில்லை. சொந்தச் சரக்கு. வடக்கே மாவ்பியில் உறவினரின் கோழிப்பண்ணையில் இருக்கிறான்.

"மூணாவது ஞாயிறோட முடிஞ்சிரும்ல சயாமா?" என்றார். "சனிக்கிழமை கூட்டத்தில் எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்" என்று மழுப்பினேன். முடிவு எனக்குத் தெரியும். தெரிந்ததனால்தான் மழுப்பினேன்.

செவ்வாய்க்கிழமை வீட்டில் இருப்புக்கொள்ளாமல் நகர மையமான கியாக்டடாவுக்குக் கிளம்பினேன். சூலே பகோடாவைச் சுற்றிப் பேருந்துகள் ஒன்றின் முதுகில் ஒன்று முட்டுகிற மாதிரி நிற்கின்றன. வெள்ளைக்காரன் கட்டிய கட்டடங்களின் சுவர்களில் ஆலஞ்செடி முளைத்திருக்கிறது. சென்னைக் கடற்கரை நிலையத்தருகே நான் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் சாப்பிட்டு வளர்ந்தவள். இங்கே அத்தோ என்று கேட்டால் 'என்ன அத்தோ?' என்று திருப்பிக் கேட்கிறார்கள். பிசைந்தது எல்லாமே அத்தோதானாம். தேயிலையைப் பிசைகிறார்கள், சமோசாவைக்கூட வெட்டிப் பிசைகிறார்கள். சும்மா சொல்லக்கூடாது, சமோசா அத்தோ பிரமாதம்.

எஸ்தரம்மா சொல்லியனுப்பிய டீக்கடை காசிம் பாயுடையது. தாத்தா காலத்தில் காரைக்குடிப் பக்கமிருந்து வந்த குடும்பம். பராட்டாவைத் தட்டிக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்கதானா அது? எங்க ஆளுகளை எல்லாம் கொள்ளைக்காரன்னு எழுதினீகளாமே. எஸ்தரம்மா வாராவாரம் வந்து கதை சொல்லும். நான் டீயிலே சீனி போடாமக் குடுத்துருவேன்."

எனக்குச் சுருக்கென்றது. விடுவேனா? கடகடவென்று ஒப்பித்தேன். அந்தக் கப்பல்களின் தலைவர்களில் எத்தனையோ பேர் ஐரோப்பாவில் பிறந்து மாறியவர்கள். ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம்கள், வீடு போன ஆத்திரத்தில் சலே துறைமுகத்தில் கப்பல் ஏறினார்கள். எதிர்ப்பக்கத்துக்காரர்களும் சும்மா இல்லை. மால்டாவிலிருந்து வந்து அரபு, பெர்பர் கிராமங்களில் அதே மாதிரி ஆட்களை அள்ளிப்போய் அதே மாதிரி துடுப்பில் கட்டினார்கள்.

"இதையெல்லாம் ஏன் எழுதலே?"

"அது பின்பாதி பாய். அதற்குள் பத்திரிகையை மூடிவிட்டார்கள்."

"நல்லா இருக்கே கதை! எங்க முறை வரும்போது கடையைச் சாத்திட்டாகளா?" என்று அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பராட்டாவுக்குக் காசு வாங்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். டீயில் சீனி தாராளமாகவே இருந்தது.

வியாழக்கிழமை எஸ்தரம்மாவோடு மாவ்பி போனேன். பின்பக்கம் இரண்டு பெஞ்சு போட்ட பிக்கப் வண்டி. உள்ளே ஆட்கள், கூரைமேல் ஆட்கள், என் மடியில் யாருடையதோ ஒரு கூடை வாத்துக்குஞ்சு. பாதிவழியில் சக்கரம் பஞ்சர். டிரைவர் மாற்றுச் சக்கரம் தேடிப் போன நேரத்தில் எல்லோரும் இறங்கி மரத்தடியில் சூரியகாந்தி விதை கொறித்தார்கள். நம்மூராக இருந்தால் இதற்குள் நாலு பேர் டிரைவரின் பரம்பரையையே இழுத்திருப்பார்கள். இங்கே யாரும் குரல் உயர்த்தவில்லை. 'யாபாடே' என்கிறார்கள். பரவாயில்லை என்று அர்த்தம். எதற்கெல்லாம் பரவாயில்லை சொல்வது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

கோழிப்பண்ணையில் தானியேல் தீவனம் அள்ளிக்கொண்டிருந்தான். வெள்ளைத் துணி இல்லாமல் பார்த்தால் சாதாரணப் பையன், கல்லூரி வாசலில் நிற்கிற எந்தப் பையனும் போல. தமிழ் அவனுக்குத் திக்கித் திக்கித்தான் வந்தது. இரண்டு சொல் தமிழ், நாலு சொல் பர்மியம். எஸ்தரம்மா மீதியை மொழிபெயர்த்தார்.

"அங்கே உனக்கு என்ன வேலை?" என்றேன்.

"பேசுற வேலை. தமிழ்... மலேசியா, சிங்கப்பூர், இந்தியா. எல்லாம் தமிழ்."

"இந்தத் தமிழை வைத்துக்கொண்டா?" வாய்த்துடுக்கு என்னை விடாது.

அவன் தீவனக் கூடையைக் கீழே வைத்தான். தொண்டையைச் செருமினான். பிறகு அவன் வாயிலிருந்து வேறொரு ஆள் பேசினான்.

"வணக்கம்மா, நல்லா இருக்கீங்களா? பயப்படாதீங்க. நான் கூரியர் ஆபீஸ்லருந்து பேசறேன். உங்க பேர்ல வந்த பார்சல்ல ஒரு சின்னப் பிரச்சினை. வீட்ல வேற யாராவது இருக்காங்களாம்மா? இல்லையா? சரி, போனை மட்டும் வச்சிராதீங்க, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

ஒரு திக்கல் இல்லை. சுத்தமான சென்னைத் தமிழ். அந்தக் குரலில் எத்தனை பரிவு! போன வருடம் என் கைப்பேசியில் இதே பார்சல் கதை வந்தது. நான் திட்டிவிட்டு வைத்தேன். என் மாடிவீட்டு அம்மாள் வைக்கவில்லை, அவருடைய வளையல்கள்கூடப் போயின. பக்கத்தில் எஸ்தரம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். மகனின் இந்தக் குரலை அவரும் அன்றுதான் கேட்கிறார் போலிருக்கிறது.

"எங்கே கத்துக்கிட்டே?" என்றேன்.

"அடிச்சு, அடிச்சு" என்றான். அது மறுபடி அவனுடைய தமிழ்.

அதைக் கேட்டு என் மனம் இளகியது. இளகின சூட்டோடு அந்தக் கேள்வியையும் கேட்டேன். "ஜோயலைக் கூட்டிக்கொண்டு போனபோது, அது என்ன இடம் என்று உனக்குத் தெரியாதா?"

அவன் குனிந்து கூடையை எடுத்தான். கோழிகளைப் பார்த்து நடந்தான்.

"தெரியாது சயாமா" என்று எஸ்தரம்மா அவசரமாகச் சொன்னார். "அவனுக்கு என்ன தெரியும்?"

லீவில் வந்தவனுக்குத் தெரியாதா? அடி வாங்கி, பட்டினி கிடந்து, மேஸ்திரியாகி, புதுச் சட்டையோடு வந்தவனுக்குத் தெரியாதா? நான் கேட்கவில்லை. அந்தத் தாய் என் கையைப் பிடித்திருந்த பிடியில் எலும்பு வலித்தது.

சனிக்கிழமை சாயங்காலம் தேவாலயத்தில் கூட்டம். பாஸ்டர், சபை மூப்பர்கள் சிலர், எஸ்தரம்மா. கடைசி பெஞ்சில் ரூத். தட்டில் ஊறவைத்த தேயிலையும் வறுத்த பயறும் சுற்றி வந்தன. நான் முன்னால் நின்றேன். என் தொடரின் முடிவைக் கேட்க இத்தனை பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் பெருமையில் செத்திருப்பேன். அன்றைக்கு வாசல் எந்தப் பக்கம் என்று பார்த்தேன்.

சொல்லிவிட்டேன். மூன்றாம் ஞாயிறு அவனைப் பிரசங்க மேடைக்கு அருகே கொண்டுவருவார்கள். முழந்தாளிடுவான். மதம் மாறியதற்கு மன்னிப்புக் கேட்பான். குருவானவர் கையைப் பிடித்துத் தூக்கிவிடுவார். அவ்வளவுதான், மறுபடி சபையில் ஒருவன். வீட்டுக்குப் போகலாம்.

எஸ்தரம்மாவிடமிருந்து ஒரு பெரிய மூச்சு வந்தது. பாஸ்டர் தலையசைத்தார். பின்னாலிருந்து ரூத் எழுந்து நின்று பர்மிய மொழியில் ஏதோ கேட்டார். அவருக்குத் தமிழ் புரியும், பேச வராது. மொழிபெயர்க்க எல்லோரும் எஸ்தரம்மாவைப் பார்த்தார்கள்.

"ஒண்ணுமில்லே சயாமா. அவுக அழுவுறாக" என்றார் எஸ்தரம்மா.

ரூத் அழவில்லை. அதே வாக்கியத்தை மறுபடி சொன்னார். பாஸ்டர் எஸ்தரம்மாவின் பெயரைச் சொல்லி மெதுவாக அதட்டினார். எஸ்தரம்மா தரையைப் பார்த்துக்கொண்டே மொழிபெயர்த்தார்:

"அவன் பிடிச்சுட்டுப் போன ஆளுகளைப் பத்தி அந்தச் சடங்கிலே என்ன கேட்டாகன்னு கேக்குறாக."

ஒரு பொய் போதும். 'அதற்கும் மன்னிப்புக் கேட்டான், எல்லோரும் மன்னித்தார்கள்' என்று சொன்னால் எஸ்தரம்மா வீட்டில் இன்றைக்கு நிம்மதியாக உலை வைப்பார்கள். என்னைத் தன் கட்டிலில் படுக்கவைத்துவிட்டுத் தான் பாயில் படுத்த பெண் எஸ்தரம்மா. ஆனாலும் நான் சொன்னேன்: "ஒன்றும் கேட்கவில்லை. நான் படித்தவரைக்கும் அதில் அவர்களைப் பற்றி ஒரு வரி கிடையாது."

ரூத் மறுபடி கேட்டார். எஸ்தரம்மாவின் குரல் உடைந்தது. "பிடிபட்டவுகளோட அம்மாமார் அந்த ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு வந்தாகளா? வந்து எங்கே நின்னாகன்னு கேக்குறாக."

"வந்திருப்பார்கள். ஒரே ஊர்தானே. ஆனால் எங்கே நின்றார்கள் என்று யாரும் எழுதிவைக்கவில்லை." அந்தப் பக்கத்துக் கரைகளிலும் அப்படியே என்றேன். மால்டாவுக்குப் பிடித்துப்போன பெர்பர் பையன்களின் தாய்மாரும் கடலைப் பார்த்துக்கொண்டு எங்கேயோ நின்றிருப்பார்கள். அதையும் யாரும் எழுதவில்லை. நானும் எழுதவில்லை.

ரூத் இப்போது நீளமாகப் பேசினார். எஸ்தரம்மாவால் முடியவில்லை, பாஸ்டர்தான் சொன்னார். கட்டாய ராணுவச் சேவைக்கு ஆண்பிள்ளைகளின் பெயர் எடுக்க ஆரம்பித்த சமயம். எந்த நாள் வீட்டுக் கதவைத் தட்டுவார்களோ என்று பயம். அப்போது தானியேல் புதுச் சட்டையோடு வந்தான். ஜோயல் போக மாட்டேன் என்றான். 'அந்தத் தானியேல் கண்ணைப் பாரு அம்மா, என்னவோ மாதிரி இருக்கு' என்றான். "நான்தான் துணிமணியை மடித்துப் பையில் வைத்து, போ என்று தள்ளினேன் என்கிறார்" என்று முடித்தார் பாஸ்டர். ரூத் எழுந்து போய்விட்டார். தேயிலைத் தட்டு யாரிடமும் போகாமல் நின்றது.

வீடு திரும்பியதும் எஸ்தரம்மா என் பக்கம் பார்க்காமலே சொன்னார்: "ஒரு வார்த்தை மாத்திச் சொல்லியிருக்கலாம் நீங்க." பெற்ற வயிறு பேசியது. காலையில் எழுந்தபோது எனக்குச் சாப்பாடு மூடிவைத்திருந்தது, அவர் கோயிலுக்குப் போய்விட்டிருந்தார்.

சாப்பாட்டைத் தொடாமல் கிளம்பினேன். நடக்கிற தூரம்தான். ஆனால் திசை பிசகிப் பெரிய சாலைக்கு வந்துவிட்டேன். பேருந்தின் எண்ணும் வட்டவட்டமாகத்தான் எழுதியிருக்கும். ஒரு வாரத்தில் கற்றுக்கொண்ட திமிரில் ஏறினேன். அது என்னைக் கொண்டுபோய்ச் சூலே பகோடா முன்னால் இறக்கியது. காசிம் பாய் என்னைப் பார்த்து ஓடிவந்து, என்னை நாலு திட்டுத் திட்டி, ஒரு டாக்சியில் திணித்தார். பாதிவழியில் டாக்சிக்காரர் பெட்ரோல் வரிசையில் நின்றுவிட்டார். நான் இறங்கி ஓடினேன். இந்த வயதில், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, மூட்டை தூக்குகிறவர்கள் ஒதுங்கி வழிவிட ஓடினேன்.

உள்ளே பாட்டு முடிந்துவிட்டது. வாசற்படியில் கால் வைத்தவள் அப்படியே நின்றேன்.

படியின் இடப்பக்கம், வெளியே, வெயிலில், ரூத் நின்றார். தோளிலிருந்து பாதம்வரை ஒரு வெள்ளைப் படுக்கைவிரிப்பு. வெறுங்கால். பேச வராத தமிழில், மனப்பாடம் பண்ணின இரண்டு வரியை, ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார்: "ஜோயலுக்காக ஜெபம் பண்ணுங்க. நான்தான் போகச் சொன்னேன்."

திறந்த கதவு வழியே உள்ளே தெரிந்தது. பிரசங்க மேடைக்கு முன்னால் தானியேல் முழந்தாளிடப் போட்ட பாயில் யாரும் இல்லை. பாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு வாசலையே பார்த்தபடி நின்றார். முதல் பெஞ்சில் எஸ்தரம்மா திரும்பிப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அழக்கூட இல்லை.

ரூத்துக்கு எதிரே, படியின் வலப்பக்கம், தானியேல் நின்றான். ஒரு வாரம் முன்பு நான் கைதட்டிய அதே பையன், அதே குச்சி, அதே துணி. கடைசியாக வந்தவள் நான்தான். என்னைக் கடந்து போக யாரும் இல்லை.

அவன் முதல்முறையாகத் தலையை நிமிர்த்தினான். திக்கித் திக்கி, தன் சொந்தத் தமிழில் சொன்னான்:

"ஜோயலுக்காக... ஜெபம் பண்ணுங்க. தெரிஞ்சேதான்... கூட்டிட்டுப் போனேன்."